இரண்டாவது கருடன்

எங்கள் பக்கத்தில் என்னை மாட்டு டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக இருப்பவர்களுக்குத் தை பிறந்தால் சாப்பிட நேரம் இருக்காது. ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குச் சான்று எழுதியே விரல் தேய்ந்துவிடும். பதினெட்டு வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கொஞ்சம் கோபக்காரி. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களோடும் சண்டை போட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இது நான் தவறு செய்த கதை.

எங்கள் ஊர் வனத்துறை அலுவலகத்தின் பின்பக்கம் கம்பிவலை அடித்த சில கூண்டுகள் உண்டு. அடிபட்டவை, பறிமுதல் செய்தவை என்று பறவைகள் அங்கே வந்து சேரும். அந்த வருடம் அதில் ஏழு வேட்டைப் பறவைகள் இருந்தன. மூன்று கூகைகள், இரண்டு கரும்பருந்துகள், ஒரு வல்லூறு, ஒரு கருடன். கூகைகளில் ஒன்றை மாந்திரீகத்துக்கென்று யாரோ கூடையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அது அந்தக் கோபத்தை மறக்கவே இல்லை, யார் போனாலும் சீறும். கருடன் மணமேல்குடிப் பக்கம் மீன் வலையில் சிக்கி, வலது சிறகு முறிந்து வந்தது. நான்தான் அதற்குக் கட்டுப் போட்டேன்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் சிறகின் மூட்டில் விறைப்பு நின்றுவிட்டது. நான் மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன், முழுசாக விரியவில்லை. "நிரந்தரமாகப் பறக்க இயலாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்திவிட்டேன்.

அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டவர் ஒரு தற்காலிகக் காவலர். ஐம்பதை நெருங்கியவர், மணமேல்குடிக்காரர், கடலுக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டாக்டரம்மா என்பார். கோழியைக் கூப்பிடுவது போல "ப்பா... ப்பா..." என்று அவர் கருடனைச் சாப்பிடக் கூப்பிடுவார். அதுவும் தத்தித் தத்தி வந்து, அவர் வைக்கும் மத்தி மீனைக் கையருகிலேயே நின்று தின்னும். அவர் தினமும் அந்தச் சிறகை நல்லெண்ணெய் தொட்டு நீவிவிடுவதைப் பார்த்து ஒருமுறை சத்தம் போட்டேன். இறகில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். மறுநாளிலிருந்து எண்ணெய் இல்லாமல் நீவினார்.

"டாக்டரம்மா, விடியக்காலம் ரெண்டு செறகையும் விரிச்சு அடிக்குதுங்க. கூண்டே ஆடுது" என்றார் இன்னொரு நாள்.

"செறகடிக்கிறது வேற, பறக்குறது வேற அண்ணே. என் வேலையை என்கிட்ட விடுங்க" என்றேன்.

அவர் விட்டுவிட்டார்.

பிறகு வேறு மாவட்டத்திலிருக்கும் உயிரியல் பூங்கா ஒன்று இந்த ஏழையும் எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஆனால் மைக்ரோசிப் வைக்காத பறவையை வண்டியிலேயே ஏற்றமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். அதுவும் நியாயம்தான். பத்துக் கரும்பருந்தை வரிசையாக நிறுத்தினால் அவற்றைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியுமோ என்னவோ. காலில் வளையம் போட்டால் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டிவிடலாம். சிப் அப்படியில்லை. ஓர் அரிசியளவு இருக்கும். தடித்த ஊசியால் பறவையின் இடது நெஞ்சுத் தசைக்குள் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அங்கேயே கிடக்கும். ரீடர் என்ற கருவியை அருகில் கொண்டுபோனால் 'பீப்' என்று கத்தி, பதினைந்து இலக்க எண்ணைக் காட்டும்.

நாய்களுக்கு நிறைய வைத்திருக்கிறேன். பருந்துக்கு வைப்பது அதுதான் முதல் தடவை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அலுவலகத்துக்கு இரண்டு வயல் தள்ளியிருந்த கோயிலில் கும்பாபிஷேகம். விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கி ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு, காவலர் பிடிக்க நான் ஊசி போட, ஆறு பறவைகளை முடித்தோம். கரும்பருந்து ஒன்று என் கையுறையைக் கிழித்தது. மந்திரவாதிக் கூகை எங்கள் இருவர் மேலும் எச்சமிட்டது. மற்றபடி எல்லாம் சுகமாகவே போனது. ஏழாவதாகக் கருடனை எடுக்கும்போது மின்சாரம் நின்றது. கோயிலில் ஜெனரேட்டர் இருந்ததால் ஒலிபெருக்கி மட்டும் நிற்கவில்லை.

மூடிய அறையில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. இருட்டில் நெஞ்சுத் தசை எங்கே, எலும்பு எங்கே என்று தெரியாது என்பதும் உண்மை.

"வெளியில வச்சுப் போட்டுருவோம். இதுதான் பறக்காதே" என்றேன்.

வேப்பமரத்து நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார் காவலர். கருடனின் தலையைத் துண்டால் மூடி, வலது கையால் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டார். இறகை விலக்கினேன், ஸ்பிரிட் தொட்டேன், ஊசி உள்ளே போனது, சிப் இறங்கியது. அந்த இடத்தைப் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்தச் சொன்னேன். ரீடரை நீட்டினேன், பீப். எண்ணைப் பதிவேட்டில் எழுதி, ஸ்டிக்கரையும் ஒட்டினேன். ஏழும் முடிந்தது. எனக்கு என்னைப் பற்றியே பெருமையாக இருந்தது.

அப்போதுதான் ஒலிபெருக்கி அலறியது.

"பக்தகோடிகளே! கருடன் வந்துருச்சு! கோபுரத்துக்கு மேல பாருங்க! எல்லாரும் தரிசனம் பண்ணிக்குங்க!"

கும்பாபிஷேகத்தில் கலசத்தில் தண்ணீர் விழும் நேரத்துக்குக் கருடன் வந்து வட்டமிட வேண்டும். வந்தால்தான் எங்கள் ஊரில் அது கும்பாபிஷேகம். அண்ணாந்து பார்த்தோம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்புமாக, கோபுரத்துக்கு மேலே நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு கருடன்.

காவலர் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு கையையும் எடுத்து.

அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் ரீடரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, மடியில் இருந்த கருடனை விட்டுவிட்டு வானத்தில் இருந்த கருடனைச் சேவித்தோம்.

மடியிலிருந்தது துண்டை உதறிவிட்டுத் தரையில் குதித்தது. காவலர் பதறி எழுந்தார்.

"ஓடாதீங்கண்ணே, மெரண்டுரும். அதால பறக்க முடியாது" என்றேன்.

அது தத்தித் தத்திப் போய் ஜீப்பின் மேல் ஏறியது.

"ஜீப்புதானே, நான் இங்கிட்டு வாரேன், நீங்க அங்கிட்டுப் போங்க."

ஜீப்பிலிருந்து ஜன்னல் சன்ஷேடுக்குத் தாவியது.

"பதறாதீங்க. அதுக்கு மேல ஏறாது" என்றேன்.

சன்ஷேடிலிருந்து தென்னை மட்டைக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டேன். மட்டையின் நுனியில் தள்ளாடி நின்று, எட்டு மாதத்துக்கு முன்னால் விரியாது என்று நான் முத்திரை குத்திய சிறகை விரித்துக் காற்றில் விழுந்தது. விழுந்தது என்றுதான் நினைத்தேன். தட்டுத்தடுமாறி வயலுக்கு மேலே தாழப் பறந்து, பந்தலை உரசினாற்போல ஏறி, கோபுரத்தை நோக்கிப் போனது.

ஒலிபெருக்கிக்குத் தொண்டை கிழிந்துவிட்டது. "ரெண்டாவது கருடனும் வந்துருச்சு! ரெண்டாவது கருடனும் வந்துருச்சு!" குலவைச் சத்தம் அலுவலகம் வரை கேட்டது. ஜனங்கள் அழுதார்களாம். இரண்டு கருடன் வந்த கும்பாபிஷேகம் என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் பேச்சு இருக்கிறது. அதில் ஒன்று எங்கள் பதிவேட்டில் ஏழாம் எண் என்று சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

சத்தம் கேட்டு வனத்துறை ரேஞ்சர் வெளியே வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு குண்டூசி தொலைந்தாலும் மேலே பதில் சொல்ல வேண்டிய நாற்காலி அவருடையது.

"எங்கய்யா ஏழாவது?" என்றார்.

காவலர் கோபுரத்தைக் காட்டினார்.

ரேஞ்சர் வெகுநேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். "கருடனைக் கும்பிடப் போயி கருடனை விட்டுட்டான்னு எப்படிய்யா நான் மேல எழுதுறது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முகம் தெளிந்து, "சிப்பு வச்சிட்டீங்கல்ல டாக்டர்? போன்ல பாருங்க, எங்கிட்டுப் போகுதுன்னு" என்றார்.

"அது அப்படியெல்லாம் காட்டாது சார். ஆதார் நம்பர் மாதிரிதான். ஆள் நேர்ல வந்து நின்னா இன்னார்னு சொல்லும். ஆளைத் தேடிக் குடுக்காது."

"எவ்வளவு பக்கத்துல வந்து நிக்கணும்?"

"ஒரு சாண்" என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் காவலருக்கு மெமோ வந்தது. பத்து நாளைக்குள் பறவையைக் கண்டுபிடித்து ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் கவனக்குறைவுக்காக வேலையிலிருந்து நீக்கப்படுவார். காவலர் உடனே பதில் எழுதிக் கொடுத்துவிட்டார். "நான் அறியாமல் கையை விட்டுவிட்டேன். வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை." வெளியில் வைத்துப் போடலாம் என்று நான் சொன்னதும் அதில் இல்லை, கன்னத்தில் போட்டுக்கொண்டதும் இல்லை. படித்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பறவை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"வேலை போனாப் போகுது டாக்டரம்மா. அது எங்கயாச்சும் பசியில விழுந்து கெடந்தா? நாய் இழுத்துட்டுப் போயிருமே" என்றார் காவலர். வேலை போனால் போகிறது என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அப்போதுதான் நர்சிங்கில் இடம் கிடைத்திருந்தது.

அன்றிலிருந்து மாவட்டத்தில் எங்கே கருடன் தெரிந்தாலும் எனக்குப் போன். தேடுவது யாருக்கும் தெரியக்கூடாது என்று ரேஞ்சர் சொல்லியிருந்தார். அதனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சித்தன்னவாசல் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது என்றார்கள். மூச்சு வாங்க ஏறிப் போனால் கரும்பருந்து, அதுவும் என்னைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில், "பிடிச்சே வச்சிருக்கோம், சீக்கிரம் வாங்க" என்றார்கள். வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்குள்ளே, முன்னால் சூடம் எரிய, இலையில் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார்ந்திருந்தது ஒரு கருடன். நேற்றிலிருந்து பொங்கலைத் தொடவில்லை என்று வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரே வருத்தம்.

"விரதமா இருக்குமோங்க?"

"அது மீன் திங்கும்மா."

"ஐயையோ, கருடனா?" என்று காதைப் பொத்திக்கொண்டார்.

ரீடரை வைத்தேன். சிப் இல்லை என்று காட்டியது. உடம்பில் காயம் ஒன்றும் இல்லை, வெறும் மயக்கம்தான். தண்ணீர் காட்டி, தோப்பிலேயே பறக்கவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் எனக்கு ஒரு பை நிறைய நிலக்கடலை கொடுத்தார். கருடன் கிடைக்காவிட்டாலும் அந்த வாரம் எங்கள் வீட்டில் கடலைக்குப் பஞ்சமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் காவலர் போன் செய்தார். லீவு போட்டுவிட்டு மூன்று நாளாக மணமேல்குடிக் கடற்கரையில்தான் கிடக்கிறாராம்.

"டாக்டரம்மா, இங்கன முப்பது கருடன் பறக்குது. அதுல ஒண்ணு நான் ப்பா-ப்பான்னா திரும்பிப் பாக்குது. ரீடரை எடுத்துக்கிட்டு வாங்களேன்."

போனேன். படகுகள் கரைசேர்ந்து, பெண்கள் மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். குடலை வீசுவதும், கருடன்கள் தாழ வந்து காற்றிலேயே பற்றிக்கொண்டு போவதுமாக இருந்தது. முப்பதும் ஒன்றுபோல. காவலர் காட்டியது தனியாக ஒரு படகின் முனையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அது முப்பதில் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"மூஞ்சி தெரியலையாம்மா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

மூஞ்சி தெரிகிறது என்று பதிவேட்டில் எழுத முடியாது. எண் வேண்டும். ஒரு யோசனை செய்தோம். இரண்டு ஐஸ் பெட்டிகளின் மேல் மெல்லிய பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் மத்தியை வைத்தோம். பலகைக்கு அடியில் நான். என் மேல் ஒரு தார்ப்பாய். பதினெட்டு வருட சர்வீஸில் காளை முட்டியிருக்கிறது, பன்றி கடித்திருக்கிறது. மீன் பலகைக்கு அடியில் ரீடரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தது அதுதான் முதல் முறை. பலகை இடுக்கில் வடிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் பிடரியில் இறங்கியது.

"டாக்டரம்மா மீனுக்குமா ஊசி போடுறாக?" என்று ஒரு பெண் கேட்க, கரையே சிரித்தது.

காவலர் கூப்பிட்டார். "ப்பா... ப்பா..."

பலகையில் தொப்பென்று ஒரு கனம் விழுந்தது. நகங்கள் மரத்தில் கீறும் சத்தம் என் தலைக்கு நேர் மேலே கேட்டது. ரீடரின் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. நிமிர்ந்து நிற்கிறது, நெஞ்சு உயரத்தில் இருக்கிறது என்று புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது மீனைக் கிழிக்கக் குனிந்தது. மறுபடி அழுத்தினேன்.

பீப்.

அந்தச் சத்தத்துக்கு அது பறந்துவிட்டது. நான் தார்ப்பாயோடு எழுந்து, திரையைப் பார்த்து எண்ணைச் சத்தமாகப் படித்தேன். காவலர் சட்டைப் பையிலிருந்து, பதிவேட்டு எண்ணை எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டை எடுத்து ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துப் பார்த்தார். பதினைந்தாவது இலக்கம் வரும்போது அவருக்குச் சீட்டு தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மீன் நாற்றத்தோடு அங்கேயே இரண்டு குதி குதித்தேன்.

பறவை அதே படகின் முனைக்குப் போய் உட்கார்ந்திருந்தது. காவலர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார்.

"இன்னொரு மத்தி வச்சா வரும்மா. என்னையக் கண்டு பயப்படாது. துண்டைப் போட்டுப் பிடிச்சுருவேன். நாளைக்குப் பத்தாவது நாளு, கொண்டுபோயி ஒப்படைச்சுட்டா வேலைக்குப் பழுதில்ல."

சொன்னாரே தவிர, மீனை எடுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மூணு நாளாப் பாக்குறேன். தானாத் தண்ணியில பாய்ஞ்சு மீனைத் தூக்குதும்மா" என்றார், மெதுவாக.

அவர் கேட்காமல் கேட்டது எனக்குப் புரிந்தது. பிடித்தால் இவர் வேலையில் இருப்பார், அது ஆயுசுக்கும் பூங்காவில் இருக்கும். விட்டால் அது கடலில் இருக்கும், இவர் வீட்டில் இருப்பார். இரண்டுக்கும் காரணம் நான் போட்ட ஒரு கையெழுத்து. பறக்க இயலாது என்று எழுதிய பறவை பறந்துபோனால் அது தொலைந்த பறவை. பறக்கும் என்று எழுதியிருந்தால் அது விடவேண்டிய பறவை. எட்டு மாதமாக ஒரு மனிதர் என்னிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

"துண்டைத் தோள்ல போடுங்கண்ணே" என்றேன்.

ரேஞ்சருக்குப் போன் போட்டு, காவலருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். பறவை கிடைத்துவிட்டது, எண் சரியாக இருக்கிறது, தானாக இரை எடுக்கிறது என்று சொன்னேன். "நான் குடுத்த சான்று தப்பு சார். வெளியில வச்சு ஊசி போடலாம்னு சொன்னதும் நான்தான். அவர் எனக்காக அதை மறைச்சுட்டார். ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். விடவேண்டிய பறவை இது. நாமதான் பூட்டி வச்சிருந்தோம்."



"எழுதிக் குடுங்க. மெமோவை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். இதை விடுவிக்க மேல அனுமதி கேட்டு எழுதிருவேன்" என்றார் ரேஞ்சர். "ஆனா டாக்டர், இது உங்க ஃபைல்ல நிக்குமே. உங்களுக்குல்ல கெட்ட பேரு?"

"நிக்கட்டும் சார். உண்மைதானே" என்றேன். பதினெட்டு வருடத்தில் தவறு என்று நான் எழுதிக் கொடுத்ததே இல்லை.

படகில் சாய்ந்துகொண்டு அங்கேயே எழுதினேன். எழுதி முடித்துக் காவலருக்குப் படித்துக் காட்டினேன். அவர் கைகட்டிக்கொண்டு கேட்டார்.

"அப்ப நான் விட்டது தப்பு இல்லையாம்மா?"

"தப்புதான்" என்றேன். "ஆனா நீங்க விட்டிருக்காட்டி என் தப்பு யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரிஞ்சிருக்காது அண்ணே."

அவர் சிரித்துக்கொண்டு ஒரு மத்தியை எடுத்து மேலே வீசினார். படகின் முனையிலிருந்து கிளம்பி, எங்கள் தலைக்கு மேலேயே அதைப் பற்றிக்கொண்டு கடல் பக்கம் திரும்பியது கருடன். இரண்டு சிறகும் முழுக்க விரிந்திருந்தன. நன்றாக உற்றுப் பார்த்தேன். வலது சிறகு இடதைவிடக் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. நான் சொன்ன விறைப்பு அங்கேயேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே அது பறந்தது.